ஒத்திவைத்த கேதம்

எங்கள் மாவட்டத்தில் அந்த வருடம் செத்துப்போனவர்கள் யாரும் செத்த அன்றைக்கே சாகவில்லை. கேலி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், அரசாங்க உத்தரவு அப்படி. கணக்கைப் போட்டது செண்பகவல்லி. கையெழுத்து என்னுடையது. நான் அப்போது மாவட்டச் சுகாதார அதிகாரி, பெயர் தனுஷ்கோடி. கொசுவுக்குப் புகை அடித்தே தலை நரைத்த டாக்டர் என்று என் மனைவி சொல்வாள். பொய்யில்லை.

அந்த நோய்க்கு எழுத்தும் எண்ணும் கலந்து லாரி நம்பர் மாதிரி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் புகைச்சல் என்றார்கள். முதலில் தொண்டையில் புகையும், அப்புறம் நெஞ்சில் புகையும், கடைசியில் வீட்டு வாசலில் புகையும் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எதற்குத்தான் சிரிக்கவில்லை? தடுப்பூசி வர வருடமாகும் என்று தலைமையிடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக அனுப்பி வைத்த ஆள்தான் செண்பகவல்லி.

நாற்பதைத் தொடும் வயது. கணிதத்தில் டாக்டர் பட்டம். பிறந்தது எங்கள் மாவட்டத்திலேயே ஒரு மில் காலனியில். நான் ஊசி போடுகிற டாக்டரை எதிர்பார்த்தேன், வந்தது கணக்கு போடுகிற டாக்டர். முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, எனக்கு ஆக்சிஜன் சிலிண்டர் பத்தலை, நர்ஸ் பத்தலை. உன்னைய வச்சு நான் என்ன பண்றது?"

"சிலிண்டரை எங்க கொண்டு போகணும்னு நான் சொல்வேன் சார். ஆள் விழுறதுக்கு முந்தியே."

அவள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மாவட்டம் செய்து வைத்திருந்தாள். எங்கள் மாவட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் அதற்குள் புள்ளிகளாக இருந்தார்கள். காலையில் எழுந்து மில்லுக்குப் போனார்கள், சந்தையில் நின்றார்கள், மாமியார் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுத் திரும்பினார்கள். ஒரு புள்ளி இருமினால் பக்கத்துப் புள்ளிகளில் எது சிவக்கும் என்பது கணக்கு. நிஜ மாவட்டத்தில் அடுத்த வாரம் நடக்கப் போவது அந்தப் பொய் மாவட்டத்தில் இன்றைக்கே நடந்து முடிந்துவிடும். முதல் மாதம் அவள் சொன்ன தெருவில் சொன்னபடி ஆள் விழுந்தது. சிலிண்டர் முன்கூட்டியே போய் நின்றது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் கணக்கு தப்பியது. நோய் இறங்கும் என்று அவள் சொன்ன ஊர்களில் ஏறியது. அதிலும் ஒரு விசித்திரம். எந்த ஊரில் அதிகம் பேர் செத்தார்களோ அங்கேதான் அதிகமாக ஏறியது. நோயாளி இல்லாமல் போனால் நோய் குறைய வேண்டாமா? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஈரத் தலையோடு ஆபீசுக்குள் வந்தாள்.

"என்னம்மா இது, வேகாத வெயில்ல தலைக்குக் குளிச்சிட்டு வர்றே?"

"நம்ம டிரைவர் சேது அண்ணனோட மாமனார் தவறிட்டார்ல சார். கேதத்துக்குப் போயிட்டு வந்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கூட்டத்துக்குப் போகாதேன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடுறது நாம. நீயே போனா என்னம்மா அர்த்தம்?"

"போகாம எப்படி சார்? நாளைக்கு சேது அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? நல்லதுக்குக் கூப்பிட்டாத்தான் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே..."

அந்த இடத்தில் நின்றுவிட்டாள். தலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

"நானே போயிட்டேனே சார்" என்றாள்.

"அதைத்தானே நானும் கேட்டேன்."

"அதில்லை சார். என் கணக்குல ஒருத்தர் செத்துட்டா நான் என்ன செய்றேன் தெரியுமா? அந்தப் புள்ளியை அழிச்சுர்றேன். இனிமே அவர் யாரையும் சந்திக்க மாட்டார், யாருக்கும் ஒட்ட மாட்டார்னு. உலகம் பூரா அப்படித்தான் கணக்கு போடுறாங்க. ஆனா நம்ம ஊர்ல செத்தவர்தான் சார் நெறையப் பேரைச் சந்திக்கிறார். அந்த மாமனார் படுத்த படுக்கையாக் கெடந்தப்ப வீட்டு ஆளுங்களைத் தவிர ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. இன்னைக்கு அந்தத் தெருவுல நிக்க இடமில்லை."

"பொணத்தைத்தான் நாம குடுக்கிறதே இல்லையேம்மா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா மயானத்துக்குத்தானே போகுது?"

"பொணத்தைப் பார்க்கவா சார் போறாங்க? இருக்கிறவங்களைப் பார்க்கப் போறாங்க. கழுத்தைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியோட மூஞ்சி வச்சு அழப் போறாங்க. இப்ப நானும் அழுதுட்டுத்தான் வர்றேன்."

அன்றைக்கே கணக்கைத் திருத்தினாள். ஒரு புள்ளி அணைந்தால் அதன் சொந்தபந்தமெல்லாம் அந்த வீட்டுக்கு ஓடிப் போகும்படி எழுதினாள். பொய் மாவட்டம் அச்சு அசலாக நிஜ மாவட்டம் ஆகிவிட்டது. ஒவ்வொரு சாவும் நாலைந்து சாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது.

கேதத்துக்குத் தடை போட்டோம். ரோட்டில் போலீஸ் நின்றது, ஜனங்கள் கண்மாய்க் கரை வழியாகப் போனார்கள். ஒரு கிழவர் லத்தியைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அடிச்சுக் கொன்னுட்டுக்கூட போங்க தம்பி. எங்க சம்பந்தி வீட்டுக் கேதத்துக்குப் போகாம நான் உசுரோட இருந்து என்ன செய்ய?" என்றாராம். அந்தப் போலீஸ்காரர் அவரைத் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, தானும் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறார். யாரை என்ன சொல்ல?

தலைமையிடத்து அதிகாரியோடு காணொளிக் கூட்டம் நடந்தது. செண்பகவல்லி தன் கணக்கைக் காட்டிவிட்டு, மனசு விட்டுப் போய் ஒரு வார்த்தை சொன்னாள்.

"சேதி தெரிஞ்சா போகத்தான் செய்வாங்க சார். தெரியாம இருந்தாத்தான் உண்டு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாம இருந்தா?" என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். வாயில் இருந்து விழுந்த வார்த்தையைத் திட்டமாக்குகிறதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா.

திட்டத்துக்கு ஒத்திவைப்பு என்று பெயர் வைத்தார்கள். அலை இறங்குகிற வரைக்கும் எந்தச் சாவையும் வீட்டுக்குச் சொல்வதில்லை. அலை இறங்கியதும் எல்லாச் சாவையும் ஒரே நாளில் சொல்லிவிடுவது.

"ஆஸ்பத்திரிக்குள்ள யாரையும் விடுறதில்லை, சரி. ஆனா நோயாளி தெனமும் காலையில வீட்டுக்குப் போன் பண்றானே. அது நின்னா சந்தேகம் வராதா?" என்று கேட்டேன்.

"நிக்காது டாக்டர்" என்றார் அதிகாரி.

குரலைச் செய்துவிடலாம் என்றார். அந்த வித்தை அப்போது ஒன்றும் புதுசில்லை, செத்துப்போன தலைவர்களெல்லாம் தேர்தலில் ஓட்டு கேட்டுக்கொண்டிருந்த காலம். நோயாளி தன் போனில் வீட்டுக்குப் பேசுவது மிஷின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆள் போன மறு காலையில் இருந்து அதே நம்பரில், அதே குரலில் மிஷின் பேசும்.

என்ன பேச வேண்டும் என்பதையும் எங்களையே எழுதித் தரச் சொன்னார்கள். வார்டில் இருந்து போன அழைப்புகளைச் செண்பகவல்லியும் நானும் உட்கார்ந்து கேட்டோம். பணக்காரன், ஏழை, படித்தவன், படிக்காதவன், மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த அத்தனை பேரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். சாப்பிட்டியா? நான் நல்லாத்தான் இருக்கேன். இங்கிட்டெல்லாம் வந்துறாதீங்க. உடம்பைப் பார்த்துக்கங்க. செண்பகவல்லி அதை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். எழுதும்போது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டு விதிகளை அவளே பிடிவாதமாகச் சேர்த்தாள். ஒன்று, மிஷின் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. "மனுஷன் மறப்பான், சலிச்சுக்குவான், ரோஷப்படுவான். இது எதுவும் செய்யக் கூடாது. எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் தெனம் காலையில அடிக்கணும். ஒரு காலை அடிக்கலைன்னா வீட்டு ஆளுங்க கெளம்பி வந்துருவாங்க" என்றாள். இன்னொன்று, யார் செத்தார்கள் என்பது வார்டுக்குள் இருக்கிறவர்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கும் கூடாது, அவளுக்கும் கூடாது. வார்டு ஆட்கள் அலை முடிகிற வரைக்கும் வளாகத்தை விட்டு வெளியே வர முடியாது.

"நமக்குமா?" என்றேன்.

"நமக்குத் தெரிஞ்சா நம்ம சொந்தத்துக்குச் சொல்லிருவோம் சார். நான் சேது அண்ணன் வீட்டுக்குப் போனவதானே?"

ஒத்திவைப்பு வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். இரண்டாவது வாரமே திரையில் சிவப்பு மங்கத் தொடங்கியது. வீடுகளில் ஜனங்கள் காலையில் போனைச் சுற்றி உட்கார்ந்து சந்தோஷமாகப் பேசினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண், "எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்குக் குரல் தெளிவா இருக்குக்கா" என்று என் மனைவியிடம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை.

அந்த நேரத்தில்தான் செண்பகவல்லியின் தம்பி விழுந்தான்.

சுந்தரமகாலிங்கம் என்று சாமி பெயர். அவள் லிங்கா என்பாள். அப்பா அம்மா இல்லை. அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனை வளர்த்ததிலேயே வயது போய்விட்டது. ஒருத்திக்கு ஒருத்தன். மினி பஸ் கண்டக்டர். டிரைவர் இல்லாத பஸ் வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் கண்டக்டர் இல்லாமல் ஓட்ட முடியவில்லை. ஆளில்லாத பஸ் என்றால் எங்கள் ஜனம் ஆட்டுக்குட்டியையும் ஏற்றிவிட்டு டிக்கெட்டும் எடுக்காது. வாய்த்துடுக்கான பையன். அக்காவைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது விடியாது. கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டான், மூன்றாம் நாள் வந்து நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டு, சோறு போடச் சொல்வான்.

அவனை வார்டில் சேர்த்தோம். மறுநாள் காலையில் அவள் போன் அடித்தது. மேசைமேல் வைத்து எனக்கும் கேட்கும்படி பேசினாள்.

"யக்கா, இங்க போடுற இட்லியை எறிஞ்சா எதிரி மண்டை ஒடையும். உங்க டாக்டர் ஐயாகிட்ட சொல்லு, மிலிட்டரிக்கு அனுப்பச் சொல்லி."

"வாயை மூடிட்டுப் படுறா. மூச்சு எப்படி இருக்கு?"

"நான் விடுறேன், அது போகுது. யக்கா, ஒன் கணக்குல நான் எந்தப் புள்ளி? மேல மச்சம் கிச்சம் இருக்கா?"

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்படிச் சில காலைகள் போயின. பிறகு ஒரு நாள் போன் வந்தது, குரலும் அவனுடையதுதான்.

"யக்கா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். இட்லி என்னாச்சுடா?"

"நல்லாத்தான் இருக்குக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ இங்கிட்டெல்லாம் வந்துறாத. உடம்பைப் பார்த்துக்க."

அவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "லிங்கா, சின்ன வயசுல நீ பல்லை ஒடைச்சுக்கிட்டியே, எங்க விழுந்து ஒடைச்சே?" என்று கேட்டாள்.

கொஞ்சம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "தலை வலிக்குதுக்கா. அப்புறம் சொல்றேன்."

அவள் போனை அணைத்தாள்.

"காய்ச்சல்ல ஞாபகம் வராதும்மா. எனக்கே வராது" என்றேன்.

"நான் எழுதின வசனம் சார். வரிக்கு வரி நான் எழுதினது. பதில் தெரியாத கேள்வி வந்தா தலைவலின்னு சொல்லச் சொன்னதும் நான்தான்." பிறகு திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அவனோட ஆக்சிஜன் அளவுக்கு, சேர்த்து இத்தனை நாள் கழிச்சு, பத்துல எட்டுப் பேர் இருக்கிறதில்லை. இதுவும் நான் போட்ட கணக்குதான்."

"வார்டுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். நான் அதிகாரி, எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவாங்க?"

"வேண்டாம் சார். எனக்கு ஒருத்திக்குச் சொன்னா மாவட்டத்துல எல்லாருக்கும் சொல்லணும்."

பிடிவாதக்காரி. எழுந்து ஆபீஸ் பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனாள். கட்டிய சேலையோடு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கூட அழ ஒரு ஆள் இல்லை, கேதம் கேட்க ஒரு ஆள் இல்லை. மாவட்டத்தில் யாருக்கும் தெரியாத சாவுக்கு அவள் ஒருத்தி மட்டும் தலைமுழுகினாள். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க் கையைப் பிடித்திருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் போன் அடித்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"எடேம்மா. ஒருவேளை..."

"அடிக்கட்டும் சார். மிஷின்தானே. அதோட பேசினா எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்."

தினமும் அடித்தது. தினமும் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சத்தம் மேசைப் பலகையில் அதிர்ந்து அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் வேறு எங்கேயாவது பார்ப்போம். நோய் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு நாள் காலையில் போன் அடிக்கவில்லை. நான் நிம்மதி என்றுதான் நினைத்தேன். அவள் கவனிக்கவே இல்லை, வேலை அப்படி. மறுநாளும் அடிக்கவில்லை. காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே வைத்தாள்.

"சார், நேத்து போன் அடிச்சுதா?"

"இல்லைம்மா."

"இன்னைக்கு?"

"இல்லை. என்ன இப்போ?"

"மிஷின் நிறுத்தாது சார்." எழுந்து நின்றாள், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் அடிக்கும். ரோஷப்படாது. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். நிறுத்தினா அது மனுஷன். ஐயோ, அவன்தான் சார் கூப்பிட்டிருக்கான்! இத்தனை நாளும் அவன்தான் கூப்பிட்டிருக்கான்!"

அவள் அவன் நம்பருக்கு அடித்தாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள். நான் விதியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வார்டுக்குப் பேசினேன். எடுத்த டாக்டர் பையன், "சார், உங்க கையெழுத்துப் போட்ட உத்தரவு சார்" என்றான். என்னென்னவோ கத்தினேன். அவன் அழுகிற குரலில் அதையே திரும்பச் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினோம். காவலாளி எங்களுக்கு சலாம் வைத்தார், கதவை மட்டும் திறக்கவில்லை. அவருக்கும் நான் போட்ட உத்தரவுதான். சாயந்திரம் வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உயிரோட இருக்கான்ல சார், அது போதும். கோவிச்சுக்கிட்டான். கோவிச்சா ரெண்டு நாள்தான். நாளைக்குக் கூப்பிட்டுத் திட்டுவான் பாருங்க" என்று அவளே சொல்லிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டுக்காரி மாதிரி முகம் மலர்ந்து இருந்தது. நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் போன் அடித்தது.

"பார்த்தீங்களா சார்!" என்று கத்தினாள். அவசரத்தில் போன் ஒரு தடவை கீழே விழுந்தது. எடுத்தாள். "டேய் லிங்கா! என்னைய மன்னிச்சுருடா. அக்கா கிறுக்கச்சிடா. திட்டுறா, நல்லாத் திட்டு."

"யக்கா, சாப்பிட்டியா?"

"நான் சாப்பிடுறது கெடக்கட்டும். ஒரு வாரமா போனை எடுக்கலையே, கோவம் இல்லையாடா?"

"கோவமெல்லாம் இல்லக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ இங்கிட்டெல்லாம் வந்துறாத."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "வரலைடா. சாப்பிட்டேன். நீ தூங்கு" என்றாள். போனை அணைக்காமல் மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"திட்டலை சார்" என்றாள். "ஒரு வார்த்தைகூடத் திட்டலை."

நேற்று வரைக்கும் இருந்திருக்கிறான். நாங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உள்ளே இருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு காலைகூடத் தவறவில்லை. எடுத்துப் பேசினாள். அம்மா செத்த கதை, அவனுக்குப் பார்த்து வைத்திருந்த பெண்ணின் கதை, வாழ்நாளில் பேசாததையெல்லாம் பேசினாள். அது தலை வலிக்குது என்று சொல்லும். அலை எப்போது முடிகிறது என்று குறிப்பது அவள் வேலை. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டால் அந்தக் குரல் கொஞ்ச நாள் கூட இருக்கும். எனக்கு அந்தப் பயம் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும், அப்படிச் செய்தால் செய்யட்டும் என்றும் இருந்தது. அவள் செய்யவில்லை. கணக்கு சொன்ன அதே நாளை எழுதி என்னிடம் கொடுத்தாள்.

சேதி சொன்ன நாளைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. காலையில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடித்தது. அப்புறம் தெருத்தெருவாக ஒப்பாரி கிளம்பியது. எந்தக் கேதத்துக்கு முதலில் போவது என்று தெரியாமல் ஜனங்கள் ரோட்டில் நின்றார்கள். மத்தியானம் எங்கள் ஆபீஸ் மேல் கல் விழுந்தது. கல் எறிந்தவர்களில் பாதிப் பேர் ஒத்திவைப்பு இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டார்கள், அதைப் போய் அவர்களிடம் சொல்ல முடியுமா? ஒரு ஆள் கல்லை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்கய்யாவுக்கு நான் மாரடிச்சு அழ வேண்டிய நாள்ல, போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேனேய்யா" என்றார். அவர் எறிந்திருந்தால் எனக்கு வலி குறைவாக இருந்திருக்கும்.

வார்டு ஆட்கள் அன்றைக்குத்தான் வெளியே வந்தார்கள். ஞானசுந்தரி என்று ஒரு நர்ஸ், வாசலில் என்னைப் பார்த்ததும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சார், சுந்தரமகாலிங்கம்னு ஒரு பையன். செண்பகவல்லி மேடத்தோட தம்பி."

"சொல்லும்மா."

"மூச்சு விடவே சிரமம். அப்பவும் தெனம் காலையில அக்காவுக்கு அடிப்பான். அக்கா பயந்துருமேன்னு, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லணும்னு முன்னாடியே சொல்லிப் பார்த்துக்குவான் சார். கடைசியாப் பேசினப்ப அவங்க என்னமோ கேட்க, பதில் சொல்ல மூச்சு இல்லாம தலை வலிக்குதுன்னுட்டான். மறுநாள்ல இருந்து அவங்க எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறமும் ஒரு வாரம் விடாம அடிச்சான். அப்புறம் என்கிட்ட கேட்டான், எங்கக்கா செத்துப்போச்சா சிஸ்டர், என்கிட்ட மறைக்கிறீங்களான்னு."

நான் அவளை வாசல் படியில் உட்கார வைத்தேன்.

"இல்லைப்பா, மேடம் நல்லாத்தான் இருக்காங்கன்னு சத்தியம் பண்ணினேன் சார். நம்பலை. நல்லாத்தான் இருக்காங்கன்னு இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்கன்னான். எங்கக்கா எடுக்காம இருக்காது, உசுரோட இல்லைன்னாத்தான் எடுக்காதுன்னான். போனை அணைச்சு என் கையில குடுத்துட்டான், இனிமே நான் யாருக்குப் பேசணும்னு. குடிக்க வச்சிருந்த தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டு அழுதான். ரெண்டு நாள். அவ்வளவுதான் சார்."

சாயந்திரம் நானும் என் மனைவியும் செண்பகவல்லி வீட்டுக் கேதத்துக்குப் போனோம். வேறு யாரும் வரவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் சாவு. என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், அவள் அழவில்லை. வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்தாள்.

"நர்ஸ் யாராச்சும் பேசினாங்களா சார்? கடைசி ரெண்டு நாள் அவன் ஏன் கூப்பிடலை?"

என் நெஞ்சுக்குழியில் அந்தச் சேதி உட்கார்ந்திருந்தது.

"கோவிச்சுக்கிட்டான்மா. வேறென்ன? ஒன்னைய நல்லாத் திட்டினானாம்."

"திட்டினானா?" என்றாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "என்னன்னு திட்டினான்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கிறுக்கச்சி, கணக்குப் பைத்தியம், வரட்டும் பேசிக்கிறேன் என்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. பொங்கலுக்குப் பொங்கல் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். போகும்போது, "அவன் வேற என்ன சார் திட்டினான்?" என்று ஒரு தடவையாவது கேட்பாள். நான் புதிதாக ஒன்று சொல்வேன். நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். அவளும் நானும் போன பிறகு யாராவது எடுத்துப் படித்துக்கொள்ளட்டும். அதுவரைக்கும் இந்தச் சேதியை நான் ஒத்திவைத்திருக்கிறேன்.